வண்டுகொல்லி இலை முதல் களிம்பு வரை: பூஞ்சைக்கு எதிராகத் தாவரச் சாறுகளைச் சோதிப்பது எப்படி

வண்டுகொல்லி என்றும் சொல்லப்படும் சீமையகத்தி இலைக்குப் பூஞ்சையைத் தடுக்கும் ஆற்றல் இருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. இது உண்மைதான். ஆனால் இதை மட்டும் வைத்துக்கொண்டு, படர்தாமரை வந்த ஒருவருக்கு என்ன பூசுவது என்று முடிவெடுக்க முடியாது. அளவைக் கூட்டிக்கொண்டே போனால் உப்பும் பூஞ்சையைத் தடுக்கும், வினிகரும் தடுக்கும், கிராம்பும் தடுக்கும். எவ்வளவு செறிவில் தடுக்கிறது? அந்தச் செறிவு நோய் இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேருமா? அதே செறிவு மனித உயிரணுவை என்ன செய்யும்? எதோடு ஒப்பிட்டு இதைச் சொல்கிறோம்? தாவரச் சாறு பற்றிய எந்த ஆய்வையும் இந்தக் கேள்விகளோடுதான் படிக்க வேண்டும். வெளியாகும் கட்டுரைகளில் ஏராளமானவை முதல் கேள்விக்கே அரைகுறை விடை சொல்லிவிட்டு நின்றுவிடுகின்றன.

இந்தச் சோதனைகளுக்கு இப்போது ஓர் அவசரமும் வந்திருக்கிறது. இந்தியாவில் படர்தாமரை முன்பிருந்த படர்தாமரையாக இல்லை. சில வாரம் களிம்பு பூசினால் போய்விடும் என்றிருந்த நோய், மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டும் அடங்காமல் வீட்டில் ஒவ்வொருவராகப் பிடித்துக்கொள்கிறது. இதற்குக் காரணமான பூஞ்சைக்கு 2020-இல் டிரைக்கோபைட்டன் இண்டோட்டினியே என்று தனிப்பெயரே கொடுத்தார்கள். டெர்பினாஃபின் என்ற மருந்து, பூஞ்சையின் ஸ்குவாலீன் எபாக்சிடேஸ் நொதியை முடக்கி, அதன் உயிரணுச் சவ்வுக்குத் தேவையான எர்கோஸ்டெரால் உருவாகாமல் தடுக்கிறது. அந்த நொதியின் 397-ஆவது இடத்தில் ஃபினைல்அலனின் போய் லியூசின் வந்துவிட்டால், மருந்து பிடித்துக்கொள்ள இடமில்லை. சாதாரண டிரைக்கோபைட்டனை ஒரு மில்லிலிட்டருக்கு 0.03 மைக்ரோகிராம் அல்லது அதற்கும் குறைவான டெர்பினாஃபின் அடக்கிவிடும். இப்படி மாறிய பூஞ்சைக்கு அதைப்போல் பல பத்து மடங்கு, சில சமயம் நூற்றுக்கணக்கான மடங்கு தேவைப்படுகிறது. சீட்டு இல்லாமலே கடையில் கிடைக்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்புகள் அரிப்பை உடனே அடக்கி, பூஞ்சையை வளரவிட்டது இதற்குத் துணை போனது. ஆகவே புது மருந்து வேண்டும். கண் செடிகள் பக்கம் திரும்புவது இயல்புதான்.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். உள்ளுக்குக் கொடுக்கும் பூஞ்சை மருந்துகளில் இயற்கையிலிருந்து வந்தவை உண்டு. அவை வந்தது செடிகளிலிருந்து அல்ல, நுண்ணுயிர்களிலிருந்து. 1939-இல் கண்டறியப்பட்ட கிரிசியோஃபுல்வின் பெனிசிலியம் பூஞ்சையிலிருந்து வந்தது. 1950-இல் எலிசபெத் ஹேசனும் ரேச்சல் பிரவுனும் அறிவித்த நிஸ்டாட்டின் மண்ணில் வாழும் ஸ்டிரெப்டோமைசிஸ் பாக்டீரியா தந்தது. ஆம்ஃபோடெரிசின் பி-யும் அந்த வகைதான். பூஞ்சையின் உயிரணு அமைப்பு பாக்டீரியாவைவிட நம்முடையதற்கு மிகவும் நெருக்கமானது. அதைக் கொல்வது பெரும்பாலும் நம்மையும் தொடும்.

மேற்பூச்சு என்று வந்தால் செடிகளின் கணக்கு அவ்வளவு மோசமில்லை. 6 சதவீத பென்சாயிக் அமிலமும் 3 சதவீத சாலிசிலிக் அமிலமும் சேர்ந்த விட்ஃபீல்டு களிம்பு நெடுங்காலம் உலக சுகாதார அமைப்பின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருந்தது. பென்சாயிக் அமிலத்தை முதலில் எடுத்தது சாம்பிராணிப் பிசினைச் சூடாக்கி. விளக்கெண்ணெயை வெப்பத்தால் சிதைத்து எடுக்கும் அன்டெசிலெனிக் அமிலம் சேற்றுப்புண்ணுக்கு நெடுங்காலம் விற்பனையில் இருந்தது. பிரேசில் நாட்டு அராரோபா மரத்தின் மஞ்சள் தூள், போர்ச்சுகீசியர் வழியாக இங்கே வந்து ‘கோவா தூள்’ என்ற பெயரில் 19-ஆம் நூற்றாண்டில் படர்தாமரைக்குப் பூசப்பட்டது. அதிலிருந்த கிரைசரோபின் பூஞ்சையை அடக்கியது, தோலை எரித்தது, துணியில் ஊதாப்பழுப்புக் கறையும் விட்டது. கிரைசரோபின் ஆந்த்ரோன் வகைப் பொருள். சீமையகத்தி இலையில் இருக்கும் ரெயின், அலோ-எமோடின், கிரைசோஃபனால் ஆகிய ஆந்த்ராகுவினோன்கள் அதன் நெருங்கிய உறவுகள். அந்தச் செடிக்கு வண்டுகொல்லி என்று இங்கே பெயர். பிலிப்பைன்ஸில் அதை அகாபுல்கோ என்கிறார்கள். அந்நாட்டுச் சுகாதாரத் துறை பரிந்துரைக்கும் பத்து மூலிகைகளில் அதுவும் ஒன்று. எனவே இந்தக் கட்டுரை முழுக்க அதையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம்.

முதல் தவறு பெரும்பாலும் ஆய்வகத்துக்கு வருமுன்பே நடந்துவிடுகிறது. சீமையகத்தி வேறு, கீரையாகச் சமைக்கும் அகத்தி வேறு. முன்னது சென்னா அலாட்டா, பின்னது செஸ்பேனியா. ஊசித்தகரை, பொன்னாவரை, ஆவாரை என்று சென்னா இனத்துச் செடிகளே நம்மூரில் பல. நாட்டுமருந்துக் கடையில் பொட்டலமாக வாங்கிய காய்ந்த இலையை நம்பி ஆய்வைத் தொடங்கினால், பின்னால் யாரும் அதைத் திரும்பச் செய்து பார்க்க முடியாது. பூவோடும் காயோடும் கிளை ஒன்றை அழுத்தி உலர்த்தி, கோயம்புத்தூரில் உள்ள மெட்ராஸ் ஹெர்பேரியம் அல்லது திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினட் ஹெர்பேரியம் போன்ற, உலர்த்திய செடி மாதிரிகளைக் காக்கும் இடத்தில் அடையாளம் உறுதிசெய்து, மாதிரி எண் வாங்கி வைப்பது முதல் வேலை. பறித்த இடம், மாதம், இலையின் வயது எல்லாம் குறிப்பில் இருக்க வேண்டும். அடுத்த பருவத்து இலையில் ரெயின் அளவு பாதியாக இருந்தால் அதற்கான காரணத்தைத் தேட வேறு வழியில்லை.

அரைக் கிலோ பச்சை இலையை நிழலில், 40 டிகிரி செல்சியசுக்கு மிகாமல் உலர்த்தினால் ஏறத்தாழ 100 கிராம் பொடி தேறும். உலர்வது தாமதமானால் இலையிலேயே பூசணம் பிடிக்கும். அதன் நச்சும் சாற்றில் சேர்ந்து, செடிக்கு இல்லாத ஆற்றலைக் காட்டிவிடும். பொடியை ஒரு லிட்டர் 80 சதவீத எத்தனாலில் இரண்டு மூன்று நாள் குலுக்கி ஊறவைத்து, வாட்மேன் முதலாம் எண் தாளில் வடிகட்டி, ரோட்டரி எவாப்பரேட்டரில் 40 டிகிரிக்குள் வற்றவைத்தால், பிசுபிசுப்பான கரும்பச்சைப் பொருள் 10 கிராம் முன்பின் கிடைக்கும். எத்தனால் முழுவதும் போய்விட்டதா என்று, எடை மாறாமல் நிற்கும்வரை நிறுத்துப் பார்க்க வேண்டும். மிச்சமிருக்கும் எத்தனாலே பூஞ்சையைத் தடுக்கும்.

ஆந்த்ராகுவினோன் வந்திருக்கிறதா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. சாற்றில் சிறிது எடுத்து நீர்த்த அமிலத்தில் கொதிக்கவைத்து, ஆறியபின் குளோரோஃபார்மில் குலுக்கி, அந்தக் குளோரோஃபார்மைத் தனியே பிரித்து, அதில் நீர்த்த அம்மோனியா சேர்த்துக் குலுக்கினால் மேலே நிற்கும் அம்மோனியா அடுக்கு ரோஜா நிறமாக மாறும். போர்ன்ட்ரேகர் சோதனை என்று இதற்குப் பெயர். சிவக்கவில்லை என்றால் செடி மாறியிருக்கலாம், அல்லது எடுத்த முறையில் கோளாறு. எவ்வளவு இருக்கிறது என்பதை இது சொல்லாது, அதற்கு, கலவையைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. கருவியில் ரெயினை அளவுகோலாக வைத்து அளக்க வேண்டும். தண்ணீரில் கொதிக்கவைத்த கஷாயம், எத்தனால் சாறு, ஹெக்சேன் சாறு மூன்றும் ஒரே இலையிலிருந்து வந்தாலும் மூன்று வெவ்வேறு பொருள்கள். ஒன்றின் முடிவை இன்னொன்றுக்குப் பொருத்த முடியாது. கஷாயம் குடிக்கும் வழக்கத்தை, ஹெக்சேன் சாற்றின் முடிவைக் காட்டி நியாயப்படுத்தும் விளம்பரங்கள் உண்டு!

அடுத்தது எல்லாருக்கும் தெரிந்த தட்டுச் சோதனை. அகார் தட்டில் பூஞ்சையைப் பரப்பி, நடுவில் குழி தோண்டி, சாற்றை ஊற்றி, சுற்றிலும் பூஞ்சை வளராத வட்டத்தை மில்லிமீட்டரில் அளப்பது. படம் எடுக்க அழகாக இருக்கும், செலவும் குறைவு. தாவரச் சாற்றுக்கு இது மிக மோசமான அளவுகோல். அகார் நீர்த்தன்மை கொண்ட ஊடகம். எண்ணெய்ப்பசையுள்ள, நீரில் கரையாத பொருள் அதில் பரவாது. நல்ல ஆற்றல் உள்ள பொருள் குழியின் ஓரத்திலேயே நின்று சிறு வட்டம் காட்டும். நீரில் எளிதில் பரவும் பலவீனமான பொருள் பெரிய வட்டம் காட்டும். எனவே வட்டத்தின் அளவை வைத்து இரண்டு சாறுகளை ஒப்பிட முடியாது. இன்னொன்று, ஊற்றிய அளவு. மில்லிலிட்டருக்கு 100 மில்லிகிராம் செறிவுள்ள சாற்றில் 100 மைக்ரோலிட்டர் ஊற்றினால் குழிக்குள் போவது 10 மில்லிகிராம். பக்கத்தில் வைக்கும் குளோட்ரிமசோல் வில்லையில் இருப்பது 10 மைக்ரோகிராம். ஆயிரம் மடங்கு அதிகம் கொடுத்துவிட்டு, ‘மருந்துக்கு இணையான வட்டம்’ என்று எழுதுவதில் என்ன பொருள்? குழியின் விட்டத்தையும் வட்டத்தோடு சேர்த்து அளந்து 6, 8 மில்லிமீட்டரை இலவசமாகச் சேர்த்துக்கொள்வதும் நடக்கிறது. பத்துச் செடிகளில் எதை மேலே கொண்டு போகலாம் என்று தோராயமாகச் சலித்தெடுக்க வேண்டுமானால் இந்தச் சோதனையை வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் வேண்டாம்.

உண்மையான அளவு, பூஞ்சை கண்ணுக்குத் தெரியும்படி வளராமல் தடுக்கும் மிகக் குறைந்த செறிவுதான். ஆய்வகங்களில் எம்.ஐ.சி. என்பார்கள். அமெரிக்காவின் சி.எல்.எஸ்.ஐ. அமைப்பு இழைப்பூஞ்சைகளுக்கு எம்38 என்றும், ஈஸ்ட்டுகளுக்கு எம்27 என்றும் நெறிமுறை வகுத்திருக்கிறது. ஐரோப்பாவின் யூகாஸ்ட் நெறிமுறையும் உண்டு. எதைப் பின்பற்றினாலும் முழுதாகப் பின்பற்ற வேண்டும். பாதி அதிலும் பாதி இதிலும் எடுத்த எண்ணை வேறு எந்த எண்ணோடும் ஒப்பிட முடியாது.

எம்38 முறையில் வேலை இப்படிப் போகும். பூஞ்சையை உருளைக்கிழங்கு டெக்ஸ்ட்ரோஸ் அகாரில் வளரவிட்டு, சிறிது ட்வீன் என்ற சோப்புபோன்ற பொருள் கலந்த உப்புநீர் ஊற்றிச் சுரண்டி, பெரிய இழைகள் அடியில் தங்கும்வரை விட்டு, மேலே நிற்கும் ஸ்போர்களை (பூஞ்சை முளைக்கும் விதைத்துகள்களை) மட்டும் எடுத்து, ஹீமோசைட்டோமீட்டர் என்ற கட்டமிட்ட கண்ணாடித் தகட்டில் எண்ண வேண்டும். கடைசியில் ஒவ்வொரு குழியிலும் மில்லிலிட்டருக்கு 1,000 முதல் 3,000 ஸ்போர் இருக்க வேண்டும். பாதிக்குப் பாதி நீர்த்துப்போகும் என்பதால் தயாரிப்பது இரட்டிப்பாக, 2,000 முதல் 6,000. இதில் பத்து மடங்கு கூடிவிட்டால் நல்ல மருந்துகூடத் தோற்றதுபோல் தெரியும். எண்ணியது சரியா என்று அதிலிருந்து கொஞ்சம் தட்டில் பரப்பி, எத்தனை காலனி வருகிறது என்றும் பார்த்துவிட வேண்டும். எண்ணியதில் பாதி செத்த ஸ்போராகவும் இருக்கலாம்.

சாற்றை டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானில் மில்லிலிட்டருக்கு 100 மில்லிகிராமாகக் கரைத்து, 20 மைக்ரோலிட்டரை எடுத்து 980 மைக்ரோலிட்டர் ஆர்.பி.எம்.ஐ. 1640 என்ற வளர்ப்பு ஊடகத்தில் சேர்த்தால், 2 மில்லிகிராம் செறிவும் 2 சதவீத டி.எம்.எஸ்.ஓ.-வும் உள்ள கரைசல் வரும். 96 குழித் தட்டில் முதல் நிரலில் இதை 200 மைக்ரோலிட்டர் விட வேண்டும். இரண்டு முதல் பத்து வரையிலான நிரல்களில் 2 சதவீத டி.எம்.எஸ்.ஓ. கலந்த வெறும் ஊடகம் 100 மைக்ரோலிட்டர். முதலிலிருந்து 100 மைக்ரோலிட்டரை எடுத்து இரண்டாவதில் கலந்து, அதிலிருந்து மூன்றாவதில் என்று போய், பத்தாவதிலிருந்து எடுத்ததைக் கொட்டிவிட வேண்டும். எல்லாவற்றிலும் 100 மைக்ரோலிட்டர் ஸ்போர் கரைசலைச் சேர்த்தபின், 1,000, 500, 250 என்று பாதிபாதியாகக் குறைந்து கடைசியில் சுமார் 2 மைக்ரோகிராம் வரை இறங்கும் பத்துச் செறிவுகள் கிடைக்கும், டி.எம்.எஸ்.ஓ. எல்லாவற்றிலும் 1 சதவீதம்தான். பலர் வெறும் ஊடகத்தால் நீர்த்துப்போகச் செய்கிறார்கள். அப்போது முதல் குழியில் மட்டும் டி.எம்.எஸ்.ஓ. அதிகமாக இருக்கும், அது செய்த வேலை சாற்றின் பேரில் எழுதப்படும். பதினோராவது நிரலில் சாறு இல்லாமல் பூஞ்சையும் டி.எம்.எஸ்.ஓ.-வும், பன்னிரண்டாவதில் ஊடகம் மட்டும். ஒரு வரிசை டெர்பினாஃபினுக்கு. இன்னொரு வரிசையில் பூஞ்சை சேர்க்காமல் சாறு மட்டும். இந்தக் கடைசி வரிசையைத்தான் இடம் வீணாகிறது என்று பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்.

அது ஏன் முக்கியம் என்றால், கரும்பச்சைச் சாற்றை ஊடகத்தில் ஊற்றியதும் பல சமயம் பால்போலக் கலங்கிப் படிவு விழும். 35 டிகிரியில் நான்கு நாள் கழித்துப் பார்க்கும்போது, குழியின் அடியில் இருப்பது பூஞ்சை இழையா சாற்றின் படிவா என்று கண்ணால் சொல்வது கடினம். பூஞ்சையில்லாத வரிசையைப் பக்கத்தில் வைத்து, தலைகீழ் நுண்ணோக்கியில் பார்த்தால் தெரிந்துவிடும். படிவு விழுந்தது என்றால், 1,000 மைக்ரோகிராம் என்று குறித்த குழியில் உண்மையில் கரைந்திருப்பது அதைவிடக் குறைவு என்றும் பொருள். நிறச் சிக்கலைத் தவிர்க்க ரெசசூரின் சாயத்தைச் சேர்ப்பார்கள். உயிருள்ள பூஞ்சை இருந்தால் நீலம் இளஞ்சிவப்பாகும். ஆனால் தாவரச் சாற்றில் உள்ள ஆக்சிஜனேற்றத் தடுப்பிகள் பூஞ்சை இல்லாமலே அந்தச் சாயத்தைச் சிவப்பாக்கும். அதே வரிசை இங்கேயும் காப்பாற்றும்.

படர்தாமரைப் பூஞ்சைகளுக்கு, வளர்ச்சி சாறில்லாத குழியோடு ஒப்பிட 80 சதவீதம் குறைந்திருக்கும் மிகக் குறைந்த செறிவையே எம்.ஐ.சி. என்று கொள்வார்கள். ஊடகத்தின் பி.எச். 7.0 என்று எம்38 சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. பூஞ்சை வளர்க்க வழக்கமாகப் பயன்படும் சபூரோ ஊடகத்தின் பி.எச். 5.6. பென்சாயிக் அமிலம் போன்ற வலுக்குறைந்த அமிலங்கள் அமில ஊடகத்தில் பூஞ்சைக்குள் எளிதில் நுழையும். நெறிமுறையை மாற்றி சபூரோவில் செய்தால் எண் நன்றாக வரும், உண்மை நன்றாகாது. சாறே ஊடகத்தின் பி.எச்.-ஐ இறக்கிவிட்டதா என்றும் அளந்து பார்க்க வேண்டும். டானின் நிறைந்த சாறுகள் புரதங்களோடு பிணைந்து ஏறக்குறைய எதையும் தடுக்கும். கடுக்காய், மாதுளைத் தோல், வேலம்பட்டை மூன்றும் எல்லாப் பூஞ்சைக்கும் எதிராக வேலை செய்வதுபோல் தோன்றுவதற்கு இது ஒரு காரணம். இன்னொரு சிறு விஷயம்: இந்தச் சோதனையின் படிகளே இரட்டிப்பாகப் போகின்றன. ஒரு சாற்றுக்கு 125, இன்னொன்றுக்கு 250 என்று வந்தால் அது வேறுபாடே அல்ல. வெவ்வேறு நாளில் மூன்று முறை செய்தும் அதே பக்கம் சாய்ந்தால்தான் பேசலாம். எந்தப் பூஞ்சையின் மேல் செய்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். படர்தாமரைக்கு என்று சொல்லிக்கொண்டு கேண்டிடா அல்பிகன்சிலும் ஆஸ்பெர்ஜில்லஸ் நைகரிலும் செய்தவை அநேகம். அவை வளர்க்க எளிது, அவ்வளவுதான். நோயாளியிடமிருந்து எடுத்த, மருந்துக்கு அடங்காத டிரைக்கோபைட்டன் வேண்டும். சண்டிகரில் உள்ள பி.ஜி.ஐ. மருத்துவ நிறுவனத்தில் நோய்ப்பூஞ்சைகளுக்கான தேசியச் சேமிப்பகமே இருக்கிறது.

எண் வந்துவிட்டது. அதை எப்படிப் படிப்பது? 2005-இல் ரியோஸ், ரெசியோ என்ற இரு ஆய்வாளர்கள் முன்வைத்த வரம்பை இன்றும் பலர் பின்பற்றுகிறார்கள்: மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராமுக்குக் கீழே அடக்கும் சாறு கவனிக்கத்தக்கது, 1,000-ஐத் தாண்டினால் விட்டுவிடலாம், பிரித்தெடுத்த தனிப்பொருளாக இருந்தால் 10, 100. இந்த வரம்பு சரிதான். ஆனால் மேற்பூச்சையும் உள்மருந்தையும் ஒரே தராசில் நிறுத்தக்கூடாது என்பது என் கருத்து. ஒரு சாற்றின் எம்.ஐ.சி. 500 என்று வைத்துக்கொள்வோம். உள்ளுக்குக் கொடுத்து இரத்தத்தில் அந்தச் செறிவு வர வேண்டுமானால், மூன்று லிட்டர் பிளாஸ்மாவில் மட்டும் 1.5 கிராம் சாறு எந்நேரமும் நிற்க வேண்டும். உடல் நீர் முழுவதும் பரவினால் 20 கிராம். அதுவும் அத்தனையும் குடலில் உறிஞ்சப்பட்டு, கல்லீரலில் சிதையாமல் இருந்தால். சீமையகத்தியின் ஆந்த்ராகுவினோன்கள் பேதி மருந்துகள் வேறு. இருபது கிராமுக்கு என்ன ஆகும் என்று விவரிக்கத் தேவையில்லை. அதே சாற்றை 5 சதவீதக் களிம்பாகச் செய்தால் ஒரு கிராம் களிம்பில் 50,000 மைக்ரோகிராம் இருக்கும், எம்.ஐ.சி.-யைப்போல் நூறு மடங்கு. படர்தாமரைப் பூஞ்சை வாழ்வது தோலின் மேலடுக்கில் உள்ள கெரட்டின் என்ற புரதத்தில். எனவே மேற்பூச்சுக்கு 500 என்பதும் கைவிட வேண்டிய எண் அல்ல. நகத்துக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. நகத் தகட்டை ஊடுருவுவது தனிப் போராட்டம்.

நூறு மடங்கு என்பதிலும் ஒரு கழிவு உண்டு. களிம்பில் இருப்பதெல்லாம் தோலுக்குள் இறங்காது. இறங்கியதில் ஒரு பகுதியைக் கெரட்டின் பிடித்துவைத்துக்கொள்ளும். ஊடகத்தில் கெரட்டின் தூளைச் சேர்த்து எம்.ஐ.சி. மறுபடியும் பார்ப்பது சிக்கனமான சோதனை. எட்டு மடங்கு ஏறினால் களிம்பின் கணக்கையும் எட்டால் வகுக்க வேண்டும். களிம்பின் அடிப்பொருளும் முடிவை மாற்றும். எண்ணெய்ப்பசைப் பொருளை வாசலினில் கலந்தால், அது வாசலினிலேயே சுகமாகத் தங்கிவிடும். தோலுக்குப் போக அதற்கு எந்த அவசரமும் இல்லை.

கொல்கிறதா, தடுத்து நிறுத்துகிறதா என்று பார்க்க, தெளிந்த குழிகளிலிருந்து எடுத்து மருந்தில்லாத அகாரில் பரப்புவார்கள். காலனிகள் 99.9 சதவீதம் குறைந்திருந்தால் கொன்றது என்று கொள்ளலாம். எங்கே தாக்குகிறது என்பதற்கு இரண்டு எளிய உத்திகள் உண்டு. ஊடகத்தில் 0.8 மோலார் சார்பிடால் சேர்த்தால், சுவர் சிதைந்த பூஞ்சைகூட வெடிக்காமல் பிழைக்கும்; அப்போது எம்.ஐ.சி. ஏறினால் சாறு உயிரணுச் சுவரைத் தாக்குகிறது. வெளியிலிருந்து எர்கோஸ்டெரால் சேர்த்து எம்.ஐ.சி. ஏறினால், சாறு சவ்வின் எர்கோஸ்டெராலைப் பிடிக்கிறது. டெர்பினாஃபினோடு சேர்த்து, சதுரங்கக் கட்டம்போல் இரண்டின் செறிவையும் மாற்றிமாற்றிப் பார்ப்பதும் உண்டு. சேர்த்தபோது ஒவ்வொன்றின் எம்.ஐ.சி.-யையும் அது தனித்திருந்தபோதைய எம்.ஐ.சி.-யால் வகுத்துக் கூட்டினால் வரும் எண் 0.5 அல்லது அதற்குக் கீழே இருந்தால், ஒன்றுக்கொன்று வலுச்சேர்க்கின்றன. மருந்துக்கு அடங்காத பூஞ்சையில் தாவரச் சாறுகளுக்கு உண்மையிலேயே இடம் இருக்குமானால் இங்கேதான் இருக்கும். தனியாக மருந்தாக நிற்க முடியாத பொருள், பழைய மருந்துக்குக் கைகொடுக்கலாம்.

நச்சுத்தன்மையை இதற்கெல்லாம் பிறகு வைத்துக்கொள்வது வழக்கம். முதலிலேயே வைத்தால் பல ஆண்டுகள் மிச்சமாகும். தோல் உயிரணுக்களான ஹாகாட் வகையை வளர்த்து, எந்தச் செறிவில் அவற்றில் பாதி சாகின்றன என்று பார்த்து, அதை எம்.ஐ.சி.-யால் வகுத்தால் ஓர் எண் வரும். பத்துக்கு மேல் இருந்தால் தொடரலாம். ஒன்றையொட்டி இருந்தால், அந்தச் சாறு பூஞ்சையைக் கொல்லவில்லை, உயிருள்ள எல்லாவற்றையும் கொல்கிறது. சாப்போனின் நிறைந்த பூந்திக்கொட்டை, சீயக்காய் சாறுகள் இந்த இடத்தில்தான் விழும்; அவை சவ்வு எதுவானாலும் உடைக்கும், சிவப்பணுவையும் சேர்த்து. ஆந்த்ராகுவினோன்களுக்கு இன்னொரு குணமும் உண்டு. எமோடின், அலோ-எமோடின் இரண்டும் வெளிச்சம் பட்டால் உயிரணுவைத் தாக்கும். எனவே சோதனையை இருட்டிலும் புறஊதா ஒளியிலும் தனித்தனியே செய்ய வேண்டும். இதே இலையை வீட்டில் எலுமிச்சைச் சாறு விட்டு அரைத்துப் பூசும் வழக்கம் இருக்கிறது. எலுமிச்சைத் தோலின் ஃபியூரோகூமரின்கள் தோலில் பட்டு வெயிலும் பட்டால் கொப்பளமும் கருந்தழும்பும் வரும். அந்தக் காயத்துக்குப் பழி இலையின்மேல் விழும்.

கடைசியில் மனிதர்களிடம். இங்கே சீமையகத்தியை விட்டுவிட்டு ஆஸ்திரேலியாவின் டீ ட்ரீ எண்ணெயைப் பார்க்கலாம். ஒரே எண்ணெயை இரண்டு செறிவுகளில் ஒழுங்காகச் சோதித்த சான்று அதற்கு இருக்கிறது. 1992-இல் வெளிவந்த ஆய்வில், சேற்றுப்புண் உள்ள 104 பேரை மூன்றாகப் பிரித்து 10 சதவீத டீ ட்ரீ களிம்பு, 1 சதவீத டோல்நாஃப்டேட் என்ற பூஞ்சை மருந்து, மருந்தில்லாத களிம்பு என்று குழுவுக்கு ஒன்றாகக் கொடுத்தார்கள். அரிப்பும் செதிலும் குறைவதில் டீ ட்ரீ, டோல்நாஃப்டேட் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக நின்றன. ஆனால் தோலைச் சுரண்டி வளர்த்துப் பார்த்தபோது, டோல்நாஃப்டேட் பூசியவர்களில் 85 சதவீதம் பேரிடம் பூஞ்சை இல்லை. டீ ட்ரீ பூசியவர்களில் 30 சதவீதம், மருந்தில்லாத களிம்பு பூசியவர்களில் 21 சதவீதம். நோயாளி நிம்மதியாகிவிட்டார், பூஞ்சை அங்கேயே இருக்கிறது. வளர்ப்புச் சோதனை செய்யாமல் ‘குணமாயிற்று’ என்று எழுதும் ஆய்வுகளை ஏன் நம்பக்கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

2002-இல் இன்னொரு ஆஸ்திரேலிய ஆய்வு, 158 பேரிடம், 25 சதவீதமும் 50 சதவீதமுமாகச் செறிவைக் கூட்டிச் செய்தது. நான்கு வாரத்தில் 50 சதவீதக் குழுவில் 64 சதவீதம் பேருக்குப் பூஞ்சை போயிருந்தது. மருந்தில்லாக் குழுவில் 31. செறிவைக் கூட்டியதும் எண்ணெய் வேலை செய்தது. அதே சமயம் எண்ணெய் பூசியவர்களில் நான்கு பேருக்கு மிதமானது முதல் கடுமையானது வரை தோல் அழற்சி வந்தது. இந்த 31 என்ற எண்ணையும் சற்று நின்று பார்க்க வேண்டும். கழுவித் துடைத்து, தினமும் எதையோ பூசியதிலேயே மூன்றில் ஒருவருக்கு வளர்ப்புச் சோதனையில் பூஞ்சை தென்படவில்லை. ஒப்பீட்டுக் குழு இல்லாமல் முப்பது பேருக்கு ஒரு களிம்பைக் கொடுத்து, பத்துப் பேருக்குச் சரியானது என்று வந்தால், களிம்பு எதுவும் செய்யவில்லை என்றே அர்த்தமாகலாம்.

இப்படிப்பட்ட ஆய்வில் மருந்து எது, போலி எது என்று மறைப்பதே பெரும்பாடு. டீ ட்ரீயின் வாசனை காட்டிக்கொடுக்கும், சீமையகத்தியின் பழுப்பு நிறம் காட்டிக்கொடுக்கும். போலிக் களிம்புக்கும் தீங்கற்ற நிறமும் வாசனையும் சேர்க்க வேண்டும். குறைந்தபட்சம் முடிவை அளப்பவருக்காவது எது எது என்று தெரியக்கூடாது. சுரண்டி எடுத்த செதிலில் களிம்பு ஒட்டியிருந்தால், அது வளர்ப்புத் தட்டிலும் பூஞ்சையைத் தடுத்துப் பொய்யாக ‘இல்லை’ என்று காட்டும். அதனால் பூசுவதை நிறுத்திச் சில வாரங்கள் கழித்து எடுத்த மாதிரிக்குத்தான் மதிப்பு. இன்றைய படர்தாமரை நிறுத்தியதும் திரும்பி வருகிற நோய் என்பதால் அந்தத் தாமதம் இரண்டு வகையில் உதவும்.

இந்தியச் சட்டத்தில் இதற்கு ஒரு வழி 2015 நவம்பரிலிருந்து இருக்கிறது. ‘பைட்டோஃபார்மசூட்டிக்கல்’ என்ற பிரிவில், தூய்மைப்படுத்தித் தரப்படுத்திய தாவரப் பகுதியை, அதில் குறைந்தது நான்கு வேதிப்பொருள்களை அளந்து காட்டினால், புதிய மருந்தாகப் பதிவு செய்ய விண்ணப்பிக்கலாம். நச்சுத்தன்மைச் சோதனையும் மனித ஆய்வும் மற்ற மருந்துகளுக்குப் போலவே உண்டு. சீமையகத்திக்கு அந்த நான்கை ரெயின், அலோ-எமோடின், எமோடின், கிரைசோஃபனால் என்று எடுத்துக்கொள்ளலாம். நான்கையும் ஒவ்வொரு தொகுதியிலும் ஒரே அளவில் வைத்திருப்பது எவ்வளவு கடினம் என்பது, ஒரே செடியில் ஆடியிலும் தையிலும் இலை பறித்து எச்.பி.எல்.சி.-யில் ஓட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.